சவுத் வெஸ்டர்ன் பஸ் என்று அப்பா சொன்னது எதை?

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா 1952இல் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்கு "சவுத் வெஸ்டர்ன் பஸ்ஸில்" போனேன் என்று இன்றைக்கும் சொல்வாராம். சிவப்பு நிற இரட்டைத் தட்டு பஸ், மேல்தட்டில் முன் சீட்டில் இருந்தால் கடல் தெரியும் என்பாராம். மகன் தேடிப் பார்த்தபோது அந்தக் கம்பனி 1958இலேயே இல்லாமல் போய்விட்டது என்று தெரிந்திருக்கிறது. அப்பா மாற்றிச் சொல்கிறாரா, அந்தக் கம்பனி எப்படிப்பட்டது, அந்த பஸ்களில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

அப்பா சொன்ன பஸ் உண்மை. அவர் சொல்லும் பெயரும் உண்மை. இரண்டும் வேறு வேறு காலத்தைச் சேர்ந்தவை. அவர் பள்ளிக்கூடம் போன அறுபதுகளில் காலி வீதியில் ஓடியது இலங்கை போக்குவரத்துச் சபையின் பஸ். நாங்கள் சீ.ரீ.பி. என்போம், எழுத்தில் இ.போ.ச. சவுத் வெஸ்டர்ன் அதற்கு முன்பிருந்த கம்பனி. பெயர் வீட்டுக்குள்ளே தங்கிவிட்டது, பஸ் மாறிவிட்டது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பெரியப்பா 1949இல் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து கோட்டையில் கிளார்க் வேலையில் சேர்ந்தார். வெள்ளவத்தையில் ஓர் அறை, காலையில் பஸ், மாலையில் பஸ். நான் பிறந்தது 1961இல். நான் பார்த்ததெல்லாம் சிவப்பு சீ.ரீ.பி. பஸ்தான். ஆனாலும் பெரியப்பா பஸ் ஹால்ட்டில் என் கையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "சவுத் வெஸ்டர்ன் வருகுது, ஓடி வா" என்பார். காலி வீதியில் ஓடும் பஸ்ஸுக்கே அதுதான் பெயர் என்று பத்து வயது வரை நினைத்திருந்தேன். நுகேகொடையில் இருந்த மாமி வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு "ஹைலெவல்". அந்தப் பக்கத்துக் கம்பனியும் ஹைலெவல் ரோட் பஸ் கம்பனிதான், வீதியின் பெயரும் ஹைலெவல்தான். அதனால் அங்கே குழப்பம் யாருக்கும் தெரியவரவில்லை.

சரி, கம்பனிக் கதைக்கு வருவோம். இலங்கையில் பஸ் ஓடத் தொடங்கியது 1907இல். ஆரம்பத்தில் கம்பனி என்று ஒன்றும் கிடையாது. ஒருவரிடம் ஒரு பஸ், கொஞ்சம் வசதி இருந்தால் இரண்டு. சொந்தக்காரரே ஓட்டுவார், அல்லது பக்கத்தில் இருந்து காசு வாங்குவார். கொழும்பு நகருக்குள் 1899 முதல் பூஸ்டட் பிரதர்ஸ் நடத்திய டிராம் இருந்தது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ஒரு பாதை, பொரளை வரை இன்னொன்று. காலி வீதிப் பக்கம் டிராம் வரவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் பஸ்காரர்களுக்கு விட்ட இடமாகிவிட்டது.

ஒரே பாதையில் பல சொந்தக்காரர் ஓடினால் என்ன நடக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போதும் 138ஆம் இலக்க பஸ் பாதையில் பார்க்கிறோமே. முன்னால் போகும் பஸ்ஸை முந்திக்கொண்டு அடுத்த ஹால்ட்டில் ஆள் ஏற்றுவது, ஆள் நிரம்பும்வரை நகராமல் நிற்பது, பிறகு பறப்பது. அதைக் கட்டுப்படுத்தத்தான் 1942இல் 47ஆம் இலக்க ஒம்னிபஸ் அனுமதிச் சட்டம் வந்தது. ஒரு பாதையை ஒருவருக்கே கொடுப்பது என்பது அதன் சாரம். தனித்தனி ஆட்களுக்கு இனி இடமில்லை என்று ஆனதும் சிறிய சொந்தக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள், பங்குதாரர்களானார்கள், கம்பனிகள் பெருத்தன. சவுத் வெஸ்டர்ன், ஹைலெவல், காமினி, எபர்ட் சில்வா என்று பெரியவர்கள் வாயில் வரும் பெயர்கள் எல்லாம் இந்தக் காலத்தவை.

இவற்றில் சவுத் வெஸ்டர்னுக்குக் கிடைத்தது தங்கப் பாதை. காலி வீதியை வரைபடத்தில் பாருங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொரட்டுவை, பாணந்துறை, களுத்துறை. ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காடு இல்லை, வெறும் வயல்வெளி இல்லை. ஆள் இறங்கிய சீட்டில் அடுத்த ஹால்ட்டிலேயே இன்னொருவர் உட்காருவார். காலையில் கொழும்புக்குப் போகும் கூட்டம் மட்டும் அல்ல. மொரட்டுவைத் தச்சுப் பட்டறைக்கும் வெள்ளவத்தை நெசவு மில்லுக்கும் போகிற ஆட்கள் எதிர்ப்பக்கமாகவும் நிரப்பினார்கள். கடலோரமாக ரயில் பாதையும் கூடவே ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ரயிலுக்கு ஸ்டேஷன் வரை ஒழுங்கைக்குள் இறங்கி நடக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். பஸ் வாசலில் வந்து நிற்கும். கம்பனியின் பலம் பஸ்ஸில் இருந்ததை விட அந்த வீதியில் இருந்தது என்பது என் எண்ணம்.

கம்பனியை நடத்தியவர் சேர் சிறில் டி சொய்சா. களுத்துறையில் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். அப்போது நாடாளுமன்றத்தின் மேல்சபையாக இருந்த செனட் சபையின் தலைவராக 1955இல் வந்தார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே தேவைப்படும்.

கம்பனி பஸ்ஸை நான் கண்ணால் பார்க்கவில்லை. பெரியப்பா சொன்னதைச் சொல்கிறேன். கட்டை பொடி, அதாவது மரச்சட்டத்தில் அடித்த உடம்பு. லொறிக்கு வரும் சேசியை, அதாவது அடிச்சட்டத்தை, வாங்கி அதன் மேல் இங்கேயே பட்டறையில் பொடி கட்டுவார்கள். மழை பெய்தால் பக்கத்தில் சுருட்டிக் கட்டியிருக்கும் கன்வஸை இழுத்துவிட வேண்டும். புது பஸ் வந்தால் ஒரு மாதத்துக்கு வார்னிஷ் மணம் போகாது, வேட்டியில் ஒட்டும் என்பார். மரம் கடற்காற்றுக்கு இரும்பைவிட நன்றாகத் தாங்கியது என்பதும் அவர் வாதம். பிறகு வந்த பஸ்களில் துரு தின்ற பாகங்களைப் பார்த்தபோது அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று எனக்கும் பட்டது.

அவருக்கு மறக்காத ஒன்று கொண்டக்டர்மார். காலையில் ஒரே பஸ், ஒரே முகம். மாதக் கடைசியில் கையில் காசு இல்லை என்றால் "நாளைக்குத் தாங்க, மாத்தயா" என்று விட்டுவிடுவாராம் ஒருவர். சிங்களம் சரியாக வராத ஊர்ப் பையன் ஒருவனுக்கு, கொழும்பில் முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் அந்தக் கொண்டக்டர்தான். பெரியப்பாவின் சிங்களம் பஸ்ஸில் கற்ற சிங்களம். "இஸ்ஸரஹாட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கள்), "பஹின்ன" (இறங்குங்கள்) என்பவைதான் அவருடைய முதல் பாடம்.

கம்பனிகள் மேல் நாட்டு மக்களுக்கு இருந்த கோபத்தையும் சொல்லத்தான் வேண்டும். லாபம் வரும் பாதையில் ஓடினார்கள், வராத பாதையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு கடைசி பஸ், கிராமத்துக்கு உள்ளே போகும் பஸ், இவை எல்லாம் சொந்தக்காரரின் மனதைப் பொறுத்தவை. 1948இல் ரத்னம் அறிக்கை, 1954இல் சன்சோனி அறிக்கை, 1956இல் ஜயரத்ன பெரேரா அறிக்கை. மூன்றும் பஸ் சேவையை நாட்டுடைமையாக்கச் சொல்லின. 1956இல் வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் அதைச் செய்தது. 1957இன் 48ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறி, 1958 ஜனவரி 1ஆம் திகதி கம்பனிகள் அனைத்தும் ஒரே சபையின் கீழ் வந்தன. முதல் நாள் வைபவத்தில் பிரதமரே ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் பஸ்ஸில் பயணம் செய்தார். சபையின் முதல் தலைவர் வியர் டி மெல்.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன ஆண்டு இங்கேதான் வருகிறது. நாட்டின் மிகப் பெரிய பஸ் முதலாளிகளில் ஒருவருடைய கம்பனியை அரசாங்கம் எடுத்தபோது, அவர்தான் செனட் சபையின் தலைவர் ஆசனத்தில் இருந்தார். அதன்பின் அவர் மோட்டார் தொழிலை விடவில்லை. 1949இல் தொடங்கியிருந்த அசோசியேட்டட் மோட்டர்வேஸைப் பெருப்பித்தார். ஏ.எம்.டபிள்யூ. என்று டயரிலும் கராஜிலும் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

எடுத்தது சரியா பிழையா என்று பஸ் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் வாக்குவாதம். நான் சபையின் பக்கம். காலி வீதியில் வசூலான காசு, ஆளில்லாத மலையடிவாரக் கிராமத்துக்கு விடியற்காலை பஸ் ஓட்டியது. கம்பனி அதைச் செய்திருக்காது. அதே நேரம் கம்பனிக்குக் கம்பனி வேறு நிறம், வேறு பொடி, ஒரு பஸ்ஸை ஒரு டிரைவர் தன் பிள்ளை மாதிரித் துடைத்து வைத்திருந்த பழக்கம், இதெல்லாம் ஒரே நாளில் ஒரே பெயருக்குள் போய்விட்டன. அந்த இழப்பும் உண்மையானது. சபைக்குக் கிடைத்த பஸ்களோ பல மேக், பல வயது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தமிழர்களுக்கு அந்த 1958 இன்னொரு விதத்திலும் நினைவிருக்கும். வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள "ஸ்ரீ" வந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். புதிய சபை அந்தத் தகட்டோடு பஸ்களை வடக்குக்கு அனுப்பியபோது தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சிங்கள எழுத்தில் தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார், கொழும்பிலும்தான். பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் முன்பு செய்திருந்த ஒப்பந்தம் ஏப்ரல் 9ஆம் திகதி கைவிடப்பட்டது. மே கடைசியில் கலவரம். பெரியப்பா கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார். சில மாதங்களில் திரும்பி வந்து அதே வெள்ளவத்தை ஹால்ட்டில் நின்றார். வந்த பஸ்ஸின் நெற்றியில் புதுப் பெயர் இருந்தது. அவர் வாயில் அந்தப் பெயர் ஒரு நாளும் வரவில்லை, சாகும்வரை சவுத் வெஸ்டர்ன்தான். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் அப்பாவும் அந்தப் பெயரைத் தன் அப்பாவிடமிருந்துதான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி அந்தச் சிவப்பு பஸ். எனக்கு ஒரு நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் பேசக்கூடிய விஷயம் இது.

அவை லண்டன் பஸ்கள். ஆர்.ரி. என்று பெயர். லண்டன் டிரான்ஸ்போர்ட் தனக்கென்றே வடிவமைத்த வண்டி. ஏ.ஈ.சி. சேசியில் 4,825 ஆர்.ரி., லேலண்ட் சேசியில் 1,631 ஆர்.ரி.எல்., எட்டடி அகலத்தில் 500 ஆர்.ரி.டபிள்யூ. எல்லாம் சேர்த்தால் 7,000க்குக் கிட்ட. 1954 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அதற்குள் லண்டனில் கார் பெருகி, டெலிவிஷன் வந்து, பஸ்ஸில் ஆள் குறையத் தொடங்கிவிட்டது. 1958 மே, ஜூனில் அங்கே ஏழு கிழமை பஸ் வேலைநிறுத்தம். அது முடிந்ததும் லண்டன் சேவைகளை வெட்டியது. பத்து வயதுக்கு முன்னே பின்னே உள்ள நல்ல பஸ்கள் வேலையில்லாமல் நின்றன. அதே ஆண்டு இங்கே ஒரு புதுச் சபை, கையில் பல மேக்கில் களைத்த பஸ்கள், பெரிய கூட்டத்தை ஏற்ற ஒரே மாதிரி வண்டிகள் வேண்டும் என்ற தேவை. லண்டனின் மிச்சம் இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த பத்துச் சொச்ச ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.ரி. குடும்ப பஸ்கள் இலங்கைக்கு வந்தன. லண்டனுக்கு வெளியே இவ்வளவு பேர் இந்த பஸ்ஸில் பயணம் செய்த நகரம் கொழும்பைத் தவிர வேறு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

56 சீட், மேலே 30, கீழே 26. பின்னால் இடது மூலையில் கதவில்லாத மிதிபலகை, நடுவில் ஒரு கம்பம். அதிலிருந்து வளைந்து மேலே ஏறும் படி. எங்கள் கண்ணுக்கு ஆச்சரியம் டிரைவரின் அறை. வலது பக்கத்தில் தனிப் பெட்டி, பயணிகளோடு சம்பந்தமே இல்லை. அவருக்கு இடது பக்கம் என்ஜின். கீழ்த்தட்டின் முதல் சீட் கிடைத்தால் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் பார்த்தது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன லீவர். டிரைவர் அடுத்த கியரை அந்த லீவரில் முன்கூட்டியே வைத்துவிடுவார். பஸ் ஒன்றும் செய்யாது. பம்பலப்பிட்டிச் சந்தியில் விளக்கு மாறும் நேரம், இடது காலால் ஒரு பெடலை அடிப்பார். அப்போதுதான் கியர் விழும். கிளச் கிடையாது, அதன் இடத்தில் திரவத்தில் சுழலும் பிளைவீல். கியரையும் பிரேக்கையும் காற்றழுத்தம் வேலை செய்ய வைக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு, பிறகு என்ஜினின் சுருதி ஒரு படி இறங்கும். லொறியில் கியரோடு மல்லுக்கட்டிப் பழகிய டிரைவர்மார் முதலில் இந்த வண்டியை நம்பவில்லையாம். பழகியபின் வேறொன்றைத் தொட மனம் வரவில்லையாம். கல்கிசையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சீ.ரீ.பி. டிரைவர். ஓய்வுபெற்ற பிறகும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இடது கால் தானாக அடிக்கும். அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார், அவருக்கு அது பெருமை.

மேல்தட்டில் முன் சீட் பற்றி அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போகும்போது இடது பக்கம் உட்கார வேண்டும். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் குறுக்கொழுங்கைகள் வரிசையாக இறங்குகின்றன. கீழே நடந்தால் மதிலும் கேட்டும்தான் தெரியும். மேல்தட்டில் இருந்தால் ஒவ்வொரு ஒழுங்கை வாயிலிலும் ஒரு விநாடி கடல் திறந்து மூடும். வீடு, வீடு, கடல். வீடு, கடை, கடல். சில நேரம் அந்த ஒரு விநாடிக்குள் ஒரு ரயில் பெட்டியும் வந்து போகும். அப்போது அடுக்குமாடிகள் இல்லை, மெரின் டிரைவ் என்ற கடலோர வீதி இல்லை. கொப்புகள் கண்ணாடியில் அடிக்கும், நாங்கள் தலையைக் குனிவோம். ஆடி வேல் திருவிழா நாட்களில் தேர் காலி வீதியில் வரும்போது பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள், அன்றைக்கு மட்டும் இந்தக் காட்சி கிடையாது.

பழைய படங்களில் இந்த பஸ்கள் இடது பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். படம் எடுத்தவரின் கோணம் என்று நினைக்க வேண்டாம். பஸ்தான் சாய்ந்தது. மிதிபலகை இடது பக்கத்தில் இருக்கிறது, கூட்டம் தொங்குவதும் அந்தப் பக்கத்தில். லண்டனில் கொண்டக்டர் மணி அடித்து "இடமில்லை" என்று சொல்லிவிடும் கணக்குக்குச் செய்த ஸ்பிரிங். இங்கே மாலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் ஏறியவர்களைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. வருடக்கணக்கில் அப்படி ஏற்றினால் ஸ்பிரிங் அந்தப் பக்கமே உட்கார்ந்துவிடும். காலியாக டிப்போவுக்குத் திரும்பும்போதும் தோளைச் சரித்துக்கொண்டு போகும்.

இரட்டைத் தட்டு என்றதும் இன்னொன்றையும் கலந்துவிடாதீர்கள். டிராமை 1944இல் மாநகர சபை வாங்கியது. 1953இல் மேலே மின்கம்பியில் ஓடும் டிரொலி பஸ்ஸைக் கொண்டுவந்தது. அதிலும் இரட்டைத் தட்டு இருந்தது. பொரளை, மருதானை, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெரியவர்கள் "சத்தமில்லாத பஸ்" என்று சொல்வது அதைத்தான். 1964இல் நின்றுவிட்டது. வெள்ளவத்தைக்காரர் சொல்லும் பஸ் அது அல்ல.

உங்கள் வீட்டில் படம் ஏதும் இருந்தால் இப்படிப் பாருங்கள். தகட்டில் ஸ்ரீ இல்லாமல் ஆங்கில எழுத்து இருந்தால் அந்த வண்டி கம்பனிக் காலத்தில் பதிவானது. ஆனால் படம் 1958க்குப் பிறகும் எடுத்திருக்கலாம், ஏனென்றால் பதிவான வண்டி பழைய எழுத்தோடுதான் ஓடியது. ஸ்ரீ இருந்து, இரட்டைத் தட்டாகவும் இருந்தால் பெரும்பாலும் லண்டனிலிருந்து வந்தது. அடுத்து ரேடியேட்டரைப் பாருங்கள். ஒடுங்கலாக இருந்தால் ஏ.ஈ.சி. ஆர்.ரி., அகலமாக இருந்தால் லேலண்ட் ஆர்.ரி.எல். படம் மங்கலாக இருந்தாலும் இந்த ஒரு வித்தியாசம் தெரியும்.

கடைசியில் அவை என்னவாயின என்று கேட்டீர்கள். எழுபதுகளில் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாடு, பாகம் இறக்க முடியவில்லை. ஒரு பஸ்ஸைக் கழற்றி இரண்டு பஸ்ஸை ஓட்டினார்கள். வெரஹெரவில் இருந்த சபையின் மத்திய வேலைத்தளத்துக்கு பக்கத்து வீட்டுக்காரரோடு ஒருமுறை போயிருக்கிறேன். எனக்குப் பதினாறு வயது இருக்கும். வேலிக்கு உள்ளே வரிசை வரிசையாக நின்றன. கண்ணாடி இல்லை, சில்லு இல்லை, சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. ஒன்றின் படியில் ஏறினேன். மேல்தட்டில் முன் சீட்டின் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது, நடுவில் புல் முளைத்திருந்தது. மணிக்கயிறு அறுந்து தொங்கியது. இழுத்துப் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில் தனியார் பஸ்ஸுக்குத் திரும்பவும் அனுமதி வந்தது. முதலில் ஜப்பான் மினி பஸ்கள், பிறகு லங்கா அசோக் லேலண்டும் டாட்டாவும். ஒரு ஆள், ஒரு பஸ், முந்துகிற ஓட்டம் என்று 1942க்கு முந்திய கதை மறுபடி தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் லண்டனிலிருந்து கொஞ்சம் ரூட்மாஸ்டர்களும் வந்தன. சிலர் அவற்றையும் ஆர்.ரி. என்று சொல்வார்கள். ரூட்மாஸ்டர் அடுத்த தலைமுறை, அலுமினிய உடம்பு. உங்கள் அப்பா பள்ளிக்கூடம் முடித்து இருபது வருடம் கழித்து வந்தவை. இப்போது சுற்றுலாவுக்கு ஓடும் மேல் திறந்த இரட்டைத் தட்டுகளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

சவுத் வெஸ்டர்ன் பெயரில் ஓடிய ஒரு வண்டியைக்கூட நான் இதுவரை வீதியில் கண்டதில்லை. கட்டை பொடி இத்தனை வருடம் தங்காது. ஆனால் அந்தக் கம்பனிக்காரரின் கை பட்ட ஒன்று காலி வீதியில் இன்றைக்கும் இருக்கிறது. களுத்துறைப் பாலத்தடியில் உள்ள போதி மரமும் அதன் பக்கத்தில் உள்ளே வெறுமையாகக் கட்டிய பெரிய வெள்ளைத் தாதுகோபமும். அந்தத் தலத்தைக் கட்டி எழுப்பியவர் சிறில் டி சொய்சா. தாதுகோபத்தின் வேலை அறுபதுகளில் தொடங்கியது, வடிவமைத்தவர் பொறியியலாளர் குலசிங்க. தெற்கே போகும் பஸ்கள் அங்கே நின்று உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகும். சீ.ரீ.பி. ஆனாலும் சரி, பிரைவேட் ஆனாலும் சரி.

அப்பாவுக்கு நடக்க முடியுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டையில் அளுத்கம பஸ் ஒன்றில் ஏறுங்கள். வலது பக்க ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுங்கள். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஒழுங்கைகள் இன்னும் சில இருக்கின்றன, அவருக்கு எவை என்று தெரியும். களுத்துறைப் பாலம் வந்ததும் பஸ் மெதுவாகும். கொண்டக்டர் சில்லறையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, பஸ் நிற்பதற்கு முன்பே மிதிபலகையிலிருந்து குதித்து ஓடுவார்.